பிளேட்லெட் எண்ணிக்கை முதல் இன்வெர்ட்டர் பேட்டரி வரை: இம்பிடென்ஸ் சொல்வதும் சொல்லாததும்

டெங்கு பரவும் மாதங்களில் வீட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும். எல்லாருடைய கண்ணும் ஒரே வரியில்தான் போய் நிற்கும்: பிளேட்லெட் எத்தனை? அந்த வரிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் சோதனை முறையும் அச்சாகியிருக்கும். பல லேப்களின் தாளில் அது ‘எலக்ட்ரிகல் இம்பிடென்ஸ்’. குழந்தைக்குக் காது அடைப்பு என்று காட்டப்போனால் பில்லில் ‘இம்பிடென்ஸ் ஆடியோமெட்ரி’ என்றிருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவரின் செக்கப் தாளில் ‘லீட் இம்பிடென்ஸ்’. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அடித்திருக்கும் உலோகப் பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே சொல், சதவீதக் கணக்கில்.

ரத்தத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது? அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தடை வேறு, இம்பிடென்ஸ் வேறு

‘8 ஓம்’ என்று பின்னால் எழுதியிருக்கும் ஒரு ஸ்பீக்கரை எடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் தொட்டால் 8 காட்டாது. ஆறோ ஆறரையோ காட்டும். மீட்டரும் சரி, ஸ்பீக்கரும் சரி. மீட்டர் அனுப்புவது ஒரே திசையில் பாயும் மின்னோட்டம், அதாவது டி.சி. அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் தடையை மட்டும் பார்க்கிறது. பாட்டு ஓடும்போது பாய்வதோ வினாடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் ஏ.சி. அப்போது கம்பிச்சுருளின் வேறு குணங்களும் சேர்ந்து மின்னோட்டத்தை மறிக்கின்றன. மறிப்பது மூன்று விதம்:

1. தடை: மின்னோட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடும். அதிர்வெண் மாறினாலும் பெரும்பாலும் இது மாறாது.
2. மின்தூண்டியின் மறுப்பு: கம்பிச்சுருளுக்கு மாற்றமே பிடிக்காது. மின்னோட்டம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ அவ்வளவு அதிகமாக மறிக்கும்.
3. மின்தேக்கியின் மறுப்பு: இது நேர்மாறு. டி.சி.யை விடவே விடாது. அதிர்வெண் கூடக் கூட வழிவிடும்.

மூன்றும் சேர்ந்த மொத்த மறிப்புக்குத்தான் இம்பிடென்ஸ் என்று பெயர். தமிழில் மின் எதிர்ப்பு, மின்மறிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் புழங்குகின்றன. புழக்கத்தில் இருக்கும் சொல்லையே இங்கே வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரை 1886-ல் வைத்தவர் ஆலிவர் ஹெவிசைட், 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தந்தி வேலைக்குப் போன ஆங்கிலேயர்.

இம்பிடென்ஸை ஒரே எண்ணால் முழுதாகச் சொல்லிவிட முடியாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று அதன் அளவு, எத்தனை ஓம் என்பது. இன்னொன்று கட்டக் கோணம்: மின்னழுத்தம் ஏறி இறங்கும் தாளத்துக்கு மின்னோட்டம் முந்துகிறதா, பிந்துகிறதா, எவ்வளவு என்பது. வெறும் தடையாக இருந்தால் கோணம் பூஜ்யம். கம்பிச்சுருள் இருந்தால் மின்னோட்டம் பிந்தும், மின்தேக்கி இருந்தால் முந்தும். அதோடு எந்த அதிர்வெண்ணில் அளந்தோம் என்பதையும் சொன்னால்தான் கணக்கு முழுமை. கட்டக் கோணம் என்ற இரண்டாவது எண்ணைக் கவனிக்காமல் விட்டது நாட்டின் பாதியை இருட்டாக்கியதில் ஒரு பங்கு வகித்திருக்கிறது. அந்தக் கதை கடைசியில் வரும்.

உடம்புக்குள் மின்தேக்கி எங்கிருந்து வந்தது?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் உப்புத் தண்ணீர் நிரம்பிய பை. பைக்கு வெளியிலும் உப்புத் தண்ணீர்தான். நடுவே கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. இரண்டு பக்கம் மின்கடத்தி, நடுவில் மின்கடத்தாப் பொருள் என்றால் அது மின்தேக்கிதான்.

எனவே குறைந்த அதிர்வெண்ணில் மின்சாரம் செல்களைச் சுற்றிக்கொண்டு, வெளியே இருக்கும் நீர் வழியாக மட்டும் போகும். அதிர்வெண்ணைக் கூட்டினால் சவ்வு வழிவிட, செல்லுக்குள்ளும் புகுந்து போகும். இரண்டு அதிர்வெண்ணில் அளந்தால், செல்லுக்கு வெளியே எவ்வளவு நீர், உள்ளே எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது.

இது எவ்வளவு கூர்மையான கருவி என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1925-ல் ஹியூகோ ஃபிரிக் ரத்தத்தின் மின்தேக்கத் திறனை அளந்து, அதிலிருந்து சிவப்பணுச் சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் இருக்கும் என்று கணக்குப் போட்டார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சவ்வைக் கண்ணால் பார்க்க அதற்கப்புறம் கால் நூற்றாண்டு ஆனது. அவர் கணக்கு ஏறத்தாழச் சரியாகவே இருந்தது.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தோலின் இம்பிடென்ஸ் உள்ளுடம்பைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் வியர்வைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மின்முனைகளை மட்டும் வைத்து அளந்தால் தோலைத்தான் அளந்துகொண்டிருப்போம். அதற்கு நான்கு மின்முனை முறை வந்தது. இரண்டு முனை மின்னோட்டத்தை அனுப்பும். வேறு இரண்டு முனை மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். அவற்றின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய பாய்வதில்லை என்பதால் தோலின் தொந்தரவு பெருமளவு நீங்கிவிடும். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷினில் ஒவ்வொரு பாதத்துக்கும் முன்னால் ஒன்று, குதிகாலில் ஒன்று என்று உலோகத் தகடுகள் இருப்பது இதற்காகத்தான். பாயும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, அதிர்வெண் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ். அந்த வேகத்துக்கு நரம்புகள் துடிப்பதில்லை, அதனால் எதுவும் உறைக்காது. ஆனாலும் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மெஷினில் ஏற வேண்டாம் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

எடை மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை

காலையில் 30 சதவீதம் கொழுப்பு, அதே ஆளுக்குச் சாயங்காலம் 27 சதவீதம். ஒரு பகலில் இரண்டு கிலோ கொழுப்பு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. மெஷின் செய்வது இதுதான்:

1. இம்பிடென்ஸை அளக்கிறது.
2. உயரத்தை இருமடியாக்கி அதை இம்பிடென்ஸால் வகுத்து, உடம்பில் எவ்வளவு நீர் என்று ஊகிக்கிறது.
3. கொழுப்பு தவிர்த்த உடல் நிறையில் சுமார் 73 சதவீதம் நீர் என்ற பொது விதியிலிருந்து அந்த நிறையைக் கணக்கிடுகிறது.
4. மொத்த எடையிலிருந்து அதைக் கழிக்கிறது. மிச்சம்தான் ‘கொழுப்பு’.

கழித்து வந்த மிச்சத்தில் முதல் மூன்று படிகளின் பிழையும் வந்து சேரும். கையிலிருந்து கால்வரை அளக்கும் முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரம் 165 செ.மீ., எடை 65 கிலோ, இம்பிடென்ஸ் 550 ஓம். உயரத்தின் இருமடி 27,225. அதை 550-ஆல் வகுத்தால் 49.5. இந்த வகைச் சூத்திரம் ஒன்று, அந்த எண்ணை 0.85-ஆல் பெருக்கி 3 சேர் என்கிறது. கொழுப்பற்ற நிறை 45.1 கிலோ, கொழுப்பு 19.9 கிலோ, அதாவது 30.6 சதவீதம். அதே ஆள், அதே எடை, ஆனால் இம்பிடென்ஸ் 520 என்று வைத்துக்கொண்டால் கொழுப்பு சுமார் 27 சதவீதம். முப்பது ஓம் வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு புள்ளி காலி.

அந்த முப்பது ஓம் மாறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, நாளெல்லாம் நின்றதால் கால்களில் நீர் இறங்கியது, காய்ந்த பாதம், ஈரப் பாதம் என எதுவும் போதும். சூத்திரமும் ஒரு குறிப்பிட்ட மக்கள் குழுவை அளந்து உருவாக்கியது. வேறு உடல்வாகு கொண்டவருக்கு அது அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்து, மாதக்கணக்கில் போக்கைப் பார்த்தால் பயன் உண்டு. ஒற்றை நாள் எண்ணுக்காகச் சந்தோஷப்படவோ கவலைப்படவோ தேவையில்லை.

பிளேட்லெட்: துளை வழியே போகும் செல்கள்

ரத்தச் செல்களை எண்ணும் மெஷினின் அடிப்படை வாலஸ் கோல்டர் என்ற அமெரிக்கருடையது. 1953-ல் காப்புரிமை பெற்றார். உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்த ரத்தம், மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய ஒரு சிறு துளை வழியே உறிஞ்சப்படும். துளைக்கு இருபுறமும் மின்முனைகள். செல்லின் சவ்வு டி.சி.யை விடாது என்று மேலே பார்த்தோம். ஒரு செல் துளைக்குள் நுழையும் கணத்தில், அது இடம்பெயர்க்கும் உப்பு நீரின் அளவுக்கு மின்னோட்டம் தடைபடும். திரையில் ஒரு துடிப்பு எழும். எத்தனை துடிப்பு என்பது எண்ணிக்கை, துடிப்பு எவ்வளவு உயரம் என்பது செல்லின் பருமன். (கறாராகப் பார்த்தால் இங்கே அளப்பது வெறும் தடைதான். ஆனால் இம்பிடென்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

மெஷினுக்குச் செல்லின் முகம் தெரியாது, பருமன் மட்டும்தான் தெரியும். பெரிய துடிப்பு சிவப்பணு, அதன் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும் சின்னத் துடிப்பு பிளேட்லெட். பெரும்பாலான ரத்தத்துக்கு இது கச்சிதமாக வேலை செய்கிறது. எங்கே சறுக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்:

1. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம், சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். பத்து பிளேட்லெட் சேர்ந்த கொத்து மெஷினுக்கு ஒரே ஒரு பெரிய செல். உடம்பில் போதுமான பிளேட்லெட் இருக்கும், தாளில் மட்டும் விழுந்திருக்கும்.
2. பிளேட்லெட்டே அசாதாரணமாகப் பெரிதாக இருந்தால். சிவப்பணுக் கணக்கில் போய்ச் சேரும். மறுபடியும் எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.
3. சிவப்பணு மிகச் சிறிதாக இருந்தால். கடும் இரும்புச்சத்துக் குறைவிலும் தலசீமியாவிலும் இப்படி நேரும். குட்டிச் சிவப்பணுக்களும் உடைந்த துண்டுகளும் பிளேட்லெட் கணக்கில் ஏறி, எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டும். மூன்றில் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இதில் யாரும் பதறுவதில்லை.

மெஷின் குறைவாகக் காட்டும்போது, டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கொத்து கண்ணுக்கே தெரிந்துவிடும். சிட்ரேட் இருக்கும் வேறு குழாயில் ரத்தம் எடுத்து மறுபடி எண்ணுவதும் உண்டு. ‘மெஷின் சொல்லிருச்சே, இன்னும் எதுக்கு சார் ஸ்மியர்?’ என்ற கேள்விக்கு இதைவிட நீளமான பதில் தேவையில்லை. டெங்குவில் எண்ணிக்கை உண்மையாகவே விழும் என்பதால், ஸ்மியர் பார்க்காமல் ‘மெஷின் தப்பு’ என்று ஒதுக்கிவிடுவதும் கூடாது.

மூச்சு, காது, உணவுக்குழாய்

ஐ.சி.யூ. மானிட்டரில் மூச்சு எண்ணிக்கைக்கென்று தனிக் கருவி பெரும்பாலும் இருக்காது. ஈ.சி.ஜி.க்காக மார்பில் ஒட்டிய அதே மின்முனைகள் வழியாக மிகச் சிறிய ஏ.சி.யும் அனுப்பப்படுகிறது. காற்றை இழுக்கும்போது மார்பின் இம்பிடென்ஸ் கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கம் ஓர் ஓம் அளவில்தான் இருக்கும். அதை எண்ணித்தான் ‘நிமிடத்துக்கு 18’ என்று திரையில் வருகிறது.

இதன் பலவீனம் கவலைக்குரியது. தொண்டை அடைத்துக்கொண்ட ஒருவரின் மார்பு, காற்றை இழுக்க முயன்று ஏறி இறங்கும். காற்று ஒரு துளியும் உள்ளே போயிருக்காது, ஆனால் மார்பின் வடிவம் மாறுவதால் மானிட்டர் அதை மூச்சாக எண்ணக்கூடும். இதயத் துடிப்பின் அசைவையே மூச்சாக எண்ணிவிடுவதும் நடக்கும். மயக்க மருந்து கொடுத்த நோயாளிகளுக்கு, வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியையும் சேர்த்து வைப்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அது காற்று வந்ததா என்பதையே பார்க்கிறது.

காதுச் சோதனையில் அளப்பது மின்சாரத்தை இல்லை, ஒலியை. ஆனால் யோசனை அதேதான்: தள்ளிப் பார், எவ்வளவு மறிக்கிறது என்று கவனி. காதை ஒரு ரப்பர் முனையால் அடைத்து, பொதுவாக 226 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் செவிப்பறை எவ்வளவு அசைந்து கொடுக்கிறது என்று வரைபடம் போடுவார்கள். நடுவில் கோபுரம் போல எழுந்தால் ‘ஏ’ வகை, இயல்பு. தட்டையாகப் போனால் ‘பி’, பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கும் அல்லது பறையில் ஓட்டை. கோபுரம் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் ‘சி’, நடுச்செவியில் அழுத்தம் குறைவு.

பெற்றோர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘இம்பிடென்ஸ் நார்மல்’ என்றால் குழந்தைக்குக் காது கேட்கிறது என்று பொருள் இல்லை. நடுச்செவியின் இயந்திரம் சரியாக அசைகிறது என்பது மட்டும்தான் பொருள். உட்செவியிலோ நரம்பிலோ கோளாறு இருந்து பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கும் அழகான ‘ஏ’ கோபுரம் வரும். கேட்கிறதா என்று பார்க்க ஓ.ஏ.இ., பெரா போன்ற வேறு சோதனைகள் இருக்கின்றன. ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டால், பேச்சு வர வேண்டிய மாதங்கள் வீணாகப் போகும்.

உணவுக்குழாய்ச் சோதனை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டும் நெஞ்செரிச்சல் போகாதவர்களுக்கு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். அதில் வரிசையாக உலோக வளையங்கள். திரவம் வளையத்தைக் கடந்தால் இம்பிடென்ஸ் குறையும், காற்று கடந்தால் கூடும். மேல் வளையத்திலிருந்து கீழே இறங்கினால் விழுங்கியது, கீழிருந்து மேலே ஏறினால் எதுக்களித்தது. பி.ஹெச். அளவி மட்டும் இருந்தால் அமிலம் வந்ததைத்தான் பிடிக்கும். மாத்திரையால் அமிலம் குறைந்தபின்னும் மேலேறி வரும் திரவத்தைப் பிடிக்க இம்பிடென்ஸ் வேண்டும்.

பேஸ்மேக்கர் தாளில் இருக்கும் ஓம்

இதயத்துக்குள் போகும் ஒயருக்கு லீட் என்று பெயர். ஒவ்வொரு செக்கப்பிலும் அதன் இம்பிடென்ஸ் பதிவாகும். லீட்டின் வகையைப் பொறுத்து சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இயல்பு. திடீரென்று மிக அதிகமாகப் போனால் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம், அல்லது கருவியோடு லீட் சேரும் திருகு தளர்ந்திருக்கலாம். திடீரென்று குறைந்தால் மேலுறை கிழிந்து மின்னோட்டம் கசிகிறது. உடம்பைத் திறக்காமலேயே ஒயரின் நிலை தெரிந்துவிடுகிறது. ஒருவருக்கு 450, இன்னொருவருக்கு 900 என்றால் இரண்டும் நல்லதுதான். 450 ஆக இருந்தவருக்கே 900 ஆனால்தான் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

இதே கருவிகளில் சில, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்பதையும் மார்பின் இம்பிடென்ஸ் குறைவதிலிருந்து கண்காணிக்கின்றன. நோயாளிக்கே அலாரம் அடித்துச் சொன்னால் முன்கூட்டியே காப்பாற்றலாமே என்ற எண்ணத்தில் ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது. 2011-ல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது: அலாரம் கேட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கூடியது, உயிர்காப்பில் பலன் தெரியவில்லை. அளவீடு சரியாகவே இருந்தாலும், அதைக் கேட்டு யார் என்ன செய்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

பேட்டரி: ஃபுல் காட்டுகிறது, கரண்ட் போனால் படுத்துவிடுகிறது

பொறியியல் பக்கம் வந்தால் எல்லார் வீட்டிலும் பார்த்த காட்சி இது. இன்வெர்ட்டர் பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட், குறையே இல்லை. கரண்ட் போனதும் ஃபேன் இரண்டு நிமிடம் சுற்றிவிட்டு நின்றுவிடும். வோல்ட் பொய் சொல்லவில்லை, சும்மா இருக்கும்போது அவ்வளவுதான் இருக்கிறது. மறைந்திருப்பது உள்ளே இருக்கும் மறிப்பு.

வீட்டுச் சுமை 600 வாட் என்றால், மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 60 ஆம்பியர் உறிஞ்சப்படும். புது பேட்டரியின் உள்தடை 5 மில்லிஓம் என்று வைத்தால் உள்ளேயே விழும் மின்னழுத்தம் 0.3 வோல்ட். யாருக்கும் தெரியாது. பழசாகி அது 35 மில்லிஓம் ஆகியிருந்தால் 2.1 வோல்ட் உள்ளேயே போய்விடும். மிச்சம் 10.5. பல இன்வெர்ட்டர்கள் கையை விரிக்கும் இடமும் அதன் அருகில்தான். கூடவே பேட்டரிக்குள் 126 வாட் சூடாகிக்கொண்டிருக்கும். ஒரு பழைய குண்டு பல்பை உள்ளே எரியவிட்ட மாதிரி.

ஆனால் இங்கேயும் ஒரே எண்ணுக்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கலாம், அல்லது டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்துக் கிளாம்பு தளர்ந்திருக்கலாம். மீட்டர் முனையைக் கிளாம்பின் மேல் வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அனுபவப்பட்ட மெக்கானிக் முனையை ஈயத் தண்டின் மேலேயே வைத்து ஒருமுறை, கிளாம்பில் வைத்து ஒருமுறை அளப்பார். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, முடுக்கி, வாசலின் தடவினால் முடிந்தது. புது பேட்டரி விற்பவருக்கு இந்த இரண்டாவது அளவில் அவ்வளவு ஆர்வம் இருக்காது.

டேட்டா சென்டர், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இடங்களில் யூ.பி.எஸ். பேட்டரிகளை நிறுவிய புதிதிலேயே ஒவ்வொன்றின் அளவையும் குறித்துவைத்து, பிறகு அதோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவார்கள். புதிதில் இருந்ததைவிட 30, 50 சதவீதம் கூடியது சந்தேகப் பட்டியலில் சேரும். குளிரிலும் இம்பிடென்ஸ் கூடும் என்பதால் அறை வெப்பநிலையையும் எழுதிவைப்பார்கள்.

மின்வாகனங்களின் லித்தியம் செல்களில் இன்னொரு படி மேலே போகிறார்கள். பல ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை ஒவ்வொரு அதிர்வெண்ணாக அளப்பார்கள். உயர் அதிர்வெண் மின்பகுபொருளின், இணைப்புகளின் நிலையைக் காட்டும். நடு அதிர்வெண் மின்வாயின் மேற்பரப்பைக் காட்டும். மிகக் குறைந்த அதிர்வெண்ணில் அயனிகள் எவ்வளவு சுலபமாக ஊர்கின்றன என்பது தெரியும். ஃபிரிக் ரத்தத்தில் செய்ததும் இதே தந்திரம்தான்: அதிர்வெண்ணை மாற்றி, கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பது. இரும்பின் மேல் அடித்த பெயின்டுக்குள் ஈரம் புகுந்துவிட்டதா என்று, துரு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

மின்பாதை: தூரத்தை ஓமில் அளக்கும் ரிலே

400 கிலோவோல்ட் மின்பாதையில் எங்கோ ஒரு மரக்கிளை பட்டு ஷார்ட் ஆகிறது. பழுது வந்தால் பாதையைத் துண்டிக்கச் சொல்லும் கருவிக்கு ரிலே என்று பெயர். துணை மின்நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதற்கு எப்படித் தெரியும்? மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். இத்தகைய பாதைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். திடீரென்று 30 ஓம் என்று தெரிந்தால் பழுது 100 கிலோமீட்டர் தள்ளி. இதற்கு தூர ரிலே என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ரிலேவுக்கு எல்லைகள் வகுத்துக் கொடுப்பார்கள்:

1. முதல் எல்லை: தன் பாதையின் சுமார் 80 சதவீதம் வரை. பழுது என்றால் உடனே துண்டிக்கும்.
2. இரண்டாம் எல்லை: பாதை முழுவதையும் தாண்டிக் கொஞ்சம். வினாடியில் ஒரு பகுதி காத்திருந்து துண்டிக்கும்.
3. மூன்றாம் எல்லை: அடுத்த பாதையையும் சேர்த்து. பக்கத்து ரிலே தூங்கிவிட்டால் உதவ, இன்னும் கொஞ்சம் காத்திருந்து துண்டிக்கும்.

சிக்கல் மூன்றாம் எல்லையில்தான். சாதாரண நாளில் ஒரு கட்டத்துக்கு 231 கிலோவோல்ட், 500 ஆம்பியர் என்றால் ரிலே பார்ப்பது 462 ஓம். எல்லைக்கு வெகுதூரம். சுமை ஏறி மின்னோட்டம் 1,400 ஆம்பியர் ஆகி, மின்னழுத்தமும் 210 கிலோவோல்ட்டுக்குத் தொய்ந்தால் அது 150 ஓம். எங்கேயும் மரம் விழவில்லை, கம்பி அறுந்திருக்கவில்லை. ஆனால் வகுத்து வரும் எண் சுருங்கிச் சுருங்கி மூன்றாம் எல்லையை நெருங்குகிறது.

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணிக்கு நடந்தது இதுதான். மத்தியப் பிரதேசத்தின் பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் சுமை அதிகம், மின்னழுத்தம் குறைவு. மூன்றாம் எல்லை ரிலே பழுது என்று நினைத்துப் பாதையைத் துண்டித்தது. அந்தப் பாதையில் பழுது எதுவும் இல்லை. விட்டுப்போன சுமை மற்றப் பாதைகளில் ஏறி, ஒவ்வொன்றாக விழுந்து, வட இந்திய மின்தொகுப்பு (கிரிட்) இருண்டது. மறுநாள் மதியம் மறுபடியும் சரிவு. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று தொகுப்புகள், 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. ரிலே மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. முக்கியப் பாதைகள் சில ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன, மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. ஆனால் முதல் துண்டிப்பை, சுமையே ரிலேவின் எல்லைக்குள் புகுந்ததாக விசாரணைக் குழு குறித்தது. 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் சாமிஸ் - ஸ்டார் பாதை விழுந்ததும் இதே விதமாகத்தான். அங்கே இருண்டது அமெரிக்காவும் கனடாவுமாக ஐந்து கோடிப் பேர்.

தீர்வு, முன்பு குறித்துவைத்த அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. உண்மையான ஷார்ட்டில் ரிலே பார்ப்பது மின்பாதையை மட்டும். அது பெரும்பாலும் மின்தூண்டி, கட்டக் கோணம் 80 டிகிரியை ஒட்டி இருக்கும். சுமையாக இருந்தால் வீடுகளும் ஆலைகளும் சேர்ந்த கூட்டு, கோணம் அதைவிட மிகக் குறைவு. ஓம் கணக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டையும் கோணம் பிரித்துக் காட்டிவிடும். குறைந்த கோணத்தில் வருவது எவ்வளவு நெருங்கினாலும் துண்டிக்காதே என்று ரிலேவுக்குச் சொல்லி வைக்கலாம். இன்றைய டிஜிட்டல் ரிலேக்களில் அந்த வசதி இருக்கிறது, அமைத்துவைக்க ஆள்தான் வேண்டும்.

அந்த இரண்டு நாளும் தென்னிந்தியத் தொகுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அது மற்றத் தொகுப்புகளோடு உயர் மின்னழுத்த டி.சி. வழியாக மட்டுமே இணைந்திருந்தது, அதனால் வடக்கின் ஏ.சி. தள்ளாட்டம் இந்தப் பக்கம் தாவவில்லை. (தமிழ்நாட்டில் அந்த வருடம் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது, அது பற்றாக்குறையால் வந்த தனிக் கதை.) 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் ஏ.சி.யில் இணைந்து, நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. குவாலியரில் ஒரு ரிலேவுக்கு என்ன கோணம் அமைத்திருக்கிறார்கள் என்பது அன்றிலிருந்து திருநெல்வேலிக்கும் பொருட்டுதான்.